மிரர்லெஸ் கேமராவுக்கு இரண்டாவது லென்ஸ்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேமராவோடு வந்த கிட் லென்ஸில் பகல் வெளிச்சத்தில் எடுக்கும் படங்கள் நன்றாகத்தான் இருக்கும். கல்யாண மண்டபத்துக்குள் போனதும் முகமெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும். பெரும்பாலானவர்கள் இரண்டாவது லென்ஸைத் தேட ஆரம்பிப்பது அங்கேதான். நானும் அப்படித் தேடியவன்தான். எனக்கு வாங்கி, நண்பர்கள் சிலருக்கும் வாங்கிக்கொடுத்த பிறகு, எந்த வரிசையில் பார்த்தால் பணம் வீணாகாது என்பது பிடிபட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஷட்டர் ஸ்பீடு, அபெர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். உதாரணங்கள் எல்லாம் ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் ஃப்ரேம் சென்சாரைவிடச் சின்னது) உள்ள மிரர்லெஸ் கேமராக்களுக்கானவை: சோனி இசட்வி-இ10, ஏ6400, கேனான் ஆர்50, நிகான் இசட்50, ஃபூஜி எக்ஸ்-டி30 மாதிரி.

படி 1: மவுன்ட்

"சோனிக்கு லென்ஸ் இருக்கா?" என்று கடையில் கேட்டால் போதாது. மவுன்ட்டின், அதாவது லென்ஸ் கேமராவில் மாட்டும் இடத்தின், பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சோனி மிரர்லெஸ்ஸில் இ மவுன்ட், கேனானில் ஆர்எஃப், நிகானில் இசட், ஃபூஜியில் எக்ஸ். ஒலிம்பஸும் பானசோனிக்கும் 2008இல் கொண்டுவந்தது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ். லைக்கா, பானசோனிக், சிக்மா மூன்றும் 2018இல் கைகோத்தது எல் மவுன்ட்டுக்காக.

உங்களுக்கு எத்தனை லென்ஸ்கள் கிடைக்கும் என்பதை முடிவு செய்வது கேமராவைவிட இந்த மவுன்ட்தான். சோனி 2011லேயே இ மவுன்ட் விவரங்களை மற்ற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. இன்றைக்கு சிக்மா, டாம்ரான், விட்ராக்ஸ் என்று எந்தப் பட்டியலை எடுத்தாலும் இ மவுன்ட் இருப்பது அதனால்தான். ஃபூஜியும் நிகானும் பிறகு மெதுவாகக் கதவைத் திறந்தன. கேனானின் ஆர்எஃப் 2018இல் வந்தது, ஆனால் ஏபிஎஸ்-சிக்கான சிக்மா, டாம்ரான் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் முறையான அனுமதியோடு அதற்கு வர 2024 ஆயிற்று. ஆகவே இன்னும் கேமராவே வாங்கவில்லை என்றால், முதலில் உங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்கும் மூன்று லென்ஸ்களை எழுதி வையுங்கள். அந்த மூன்றும் எந்த மவுன்ட்டில் கிடைக்கின்றனவோ, அந்த மவுன்ட்டில் கேமரா தேடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் கேமரா தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கேனான் இஓஎஸ் எம், நிகான் 1, சாம்சங் என்எக்ஸ் மூன்றும் நிறுத்தப்பட்ட வரிசைகள். விலை ஆசை காட்டும். ஆனால் அந்த நிறுவனங்கள் அவற்றுக்குப் புது லென்ஸ் கொண்டுவராது, அந்த லென்ஸ்களைப் புதிய மவுன்ட்டில் பயன்படுத்துவதும் பெரும்பாலும் முடியாது. கேனான் இஎஃப்-எம் லென்ஸ் கேனானின் ஆர்எஃப் பாடியிலேயே பொருந்தாது.

படி 2: எந்த ஃபோக்கல் லெங்த்?

யூடியூப்பில் யார் எதைச் சிபாரிசு செய்தார்கள் என்பதை ஓரமாக வையுங்கள். ஃபோக்கல் லெங்த் என்பது லென்ஸின் பெயரில் மி.மீ.யில் வரும் எண்: சின்ன எண் அகலமான பார்வை, பெரிய எண் கிட்டே இழுத்துக் காட்டும் பார்வை. உங்களுக்கு எது என்பதற்கான பதில் உங்கள் படங்களிலேயே இருக்கிறது.

விண்டோஸில் படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, டீடெயில்ஸ் வியூவுக்குப் போய், மேலே இருக்கும் தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்யுங்கள். "மோர்" பட்டியலில் ஃபோக்கல் லெங்த் என்று ஒன்று இருக்கும். அதை டிக் செய்து வரிசைப்படுத்தினால், எந்த எண்ணில் அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். எனக்கு இதற்கு டிஜிகேம் என்ற படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள்தான் பிடிக்கும். இலவசம், லினக்ஸிலும் ஓடும், ஆயிரக்கணக்கான படங்களையும் அலசித் தரும். இந்த வேலைக்காக மாதச் சந்தா கட்டும் மென்பொருள் எதுவும் தேவையில்லை.

படங்களே அதிகம் இல்லையென்றால் போனை எடுங்கள். பெரும்பாலான போன்களில் சாதாரண 1எக்ஸ் பார்வை ஏபிஎஸ்-சியில் சுமார் 16 அல்லது 17 மி.மீ.க்குச் சமம். 2எக்ஸ் வைத்தால் கிட்டத்தட்ட 35 மி.மீ. பார்வை வந்துவிடும். ஒரு நாள் முழுக்க வீட்டில் 2எக்ஸிலேயே படம் எடுத்துப் பாருங்கள். சுவரில் முதுகு முட்டிக்கொண்டே இருந்தால் உங்களுக்கு வேண்டியது 23 அல்லது 16. இன்னும் கிட்டே போகத் தோன்றினால் 50 அல்லது 56. செலவே இல்லாத இந்தச் சோதனைக்குப் பிறகு மனம் மாறியவர்கள் என் வட்டத்தில் நிறையப் பேர்.

படி 3: பெயரில் இருக்கும் எழுத்துகள்

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது இந்தப் படிதான். இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

"சோனி 50 மி.மீ. எஃப்/1.8" என்று தேடினால் இரண்டு லென்ஸ்கள் வரும். ஒன்றின் மாடல் எண் எஸ்இஎல்50எஃப்18. மற்றது எஸ்இஎல்50எஃப்18எஃப். கடைசியில் ஓர் "எஃப்" மட்டும்தான் வித்தியாசம். முதலாவது ஏபிஎஸ்-சிக்கானது, உள்ளே ஓஎஸ்எஸ் என்ற கை நடுக்கம் தணிக்கும் அமைப்பு இருக்கிறது. இரண்டாவது ஃபுல் ஃப்ரேமுக்கானது, அதில் ஓஎஸ்எஸ் கிடையாது. ஆட்டோஃபோகஸ் மோட்டாரின் சத்தமும் வீடியோவில் கேட்கும். இரண்டுமே உங்கள் ஏ6400இல் மாட்டும், இரண்டிலும் படம் வரும். மாட்டிப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் பெட்டியில் உள்ள எண்ணைக் கடைசி எழுத்துவரை படிக்கச் சொல்கிறேன். 35 மி.மீ. எஃப்/1.8இலும் இப்படி இரண்டு லென்ஸ்கள், கடைசி "எஃப்"தான் வித்தியாசம்.

சிக்மாவில் டிசி என்றால் ஏபிஎஸ்-சி, டிஜி என்றால் ஃபுல் ஃப்ரேம். ஆனால் நீங்கள் தேட வேண்டியது அதற்கு அடுத்து வரும் "டிஎன்". டிஎன் இருந்தால் மிரர்லெஸ்ஸுக்கானது. அந்த இடத்தில் எச்எஸ்எம் என்று இருந்தால் டிஎஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த முந்தைய வகை கேமரா) காலத்து லென்ஸ். சிக்மா 30 மி.மீ. எஃப்/1.4 இரண்டு வடிவத்திலும் உண்டு. செகண்ட் ஹேண்ட் விளம்பரங்களில் "சிக்மா 30 1.4" என்று மட்டும் போட்டிருப்பார்கள். லென்ஸின் மேல் உள்ள எழுத்துகள் தெரியும்படி ஒரு படம் கேட்டு வாங்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள்.

டாம்ரானில் டிஐ, டிஐ 2 இரண்டும் டிஎஸ்எல்ஆர். டிஐ 3 என்றால் மிரர்லெஸ். அதோடு "ஏ" சேர்ந்திருந்தால் ஏபிஎஸ்-சி.

கேனானில் ஆர்எஃப், ஆர்எஃப்-எஸ் இரண்டும் நேராக மாட்டும். இஎஃப், இஎஃப்-எஸ் என்றால் அடாப்டர் வேண்டும், ஆனால் கேனானின் அடாப்டரில் அவை ஆட்டோஃபோகஸோடு நன்றாகவே வேலை செய்யும். வீட்டில் பழைய இஎஃப் 50 மி.மீ. எஸ்டிஎம் லென்ஸ் சும்மா கிடந்தால் புதிதாக எதுவும் வாங்காமல் அடாப்டர் மட்டும் வாங்குங்கள்.

நிகான்காரர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நிகானின் எஃப்டிஇசட் அடாப்டருக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ் 50 மி.மீ. 1.8ஜி போட்டால் ஆட்டோஃபோகஸ் வரும், ஏனென்றால் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. பழைய 50 மி.மீ. 1.8டி போட்டால் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். பழைய நிகான் வைத்திருந்த பலரிடம் இருப்பது அந்த டி லென்ஸ்தான்.

படி 4: நடுக்கம் தணிக்கும் வசதி பாடியில் இருக்கிறதா?

மேலே சொன்ன ஐந்து கேமராக்களிலும் பாடிக்குள் அந்த வசதி இல்லை. லென்ஸில் இருந்தால்தான் உண்டு. சோனி ஓஎஸ்எஸ், கேனான் ஐஎஸ், நிகான் விஆர், ஃபூஜி ஓஐஎஸ், சிக்மா ஓஎஸ், டாம்ரான் விசி: எல்லாம் ஒரே வேலைக்கான பெயர்கள். நடந்துகொண்டே வீடியோ எடுப்பீர்கள் என்றால் இது முக்கியம். ஓடியாடும் குழந்தைகளைப் படம் எடுக்க இது உதவாது, அதற்கு வேகமான ஷட்டரும் அகலமான அபெர்ச்சரும்தான் வேண்டும்.

படி 5: என் தேர்வு

மண்டபம், வீடு, குழந்தைகள் என்றால் 30 அல்லது 35 மி.மீ.யில் ஒரு ப்ரைம் (ஜூம் ஆகாத லென்ஸ்). இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கணக்கைப் பாருங்கள். கிட் லென்ஸை 50 மி.மீ.க்குத் திருகினால் பல மாடல்களில் அபெர்ச்சர் எஃப்/5.6தான். அதே இடத்தில் எஃப்/1.8 லென்ஸ் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐஎஸ்ஓ 6400இல் எடுத்த அதே படத்தை, ஷட்டரை மாற்றாமல் 640இல் எடுத்துவிடலாம். புது பாடி வாங்கினாலும் இவ்வளவு வித்தியாசம் வராது.

சிக்மா 30 மி.மீ. எஃப்/1.4 டிசி டிஎன் இப்போது சோனி, ஃபூஜி, நிகான், கேனான் நான்குக்கும் கிடைக்கிறது. யாராவது யோசிக்காமல் ஒரு லென்ஸ் சொல்லு என்றால் இதைத்தான் சொல்வேன். ஃபூஜியில் செலவைக் குறைக்க எக்ஸ்சி 35 மி.மீ. எஃப்/2. விலை கூடிய எக்ஸ்எஃப் 35 எஃப்/2இல் இருக்கும் அதே கண்ணாடி அமைப்புதான் இதிலும். அபெர்ச்சர் வளையமும் உலோக உடம்பும் இல்லை, அவ்வளவுதான்.

ஜூம்தான் வேண்டும் என்பவர்களுக்கு சோனியிலும் ஃபூஜியிலும் நல்ல போட்டி இருக்கிறது. சிக்மா 18-50 எஃப்/2.8 சுமார் 290 கிராம், சின்னப் பையில் போய்விடும், நடுக்கம் தணிக்கும் வசதி இல்லை. டாம்ரான் 17-70 எஃப்/2.8இல் விசி உண்டு, எடை 525 கிராம் சொச்சம். வீடியோ அதிகம் என்றால் டாம்ரான். மற்றவர்களுக்கு நான் சிக்மாவைத்தான் சொல்வேன், ஏனென்றால் கனமான லென்ஸ் பாதி நாள் வீட்டிலேயே தங்கிவிடும்.

படி 6: செகண்ட் ஹேண்ட் லென்ஸைச் சோதிப்பது

நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பூஞ்சைதான் முதல் எதிரி. போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் வைத்து, முன்பக்கமிருந்து கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாது. சிலந்தி நூல் மாதிரி மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓரிரு தூசித் துகள்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

அப்புறம் ஒரு செய்தித்தாள் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, அதற்கு நேர் எதிரே கேமராவை நிறுத்தி, அபெர்ச்சரை முழுவதும் திறந்து ஒரு படம் எடுங்கள். நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லா மூலைகளும் ஒரே மாதிரி கொஞ்சம் மங்கலாக இருந்தால் பரவாயில்லை. ஒரு பக்கம் மட்டும் எழுத்தே படிக்க முடியாமல் இருந்தால் உள்ளே கண்ணாடி இடம் மாறியிருக்கிறது, எப்போதோ கீழே விழுந்த லென்ஸாக இருக்கலாம். கேமராவைக் கையோடு கொண்டுபோனால்தான் இதெல்லாம் நடக்கும்.

புதிது வாங்குகிறவர்கள் வாரண்டி இந்தியாவுக்கானதா என்று பில் போடும் முன்பே கேளுங்கள். வாங்கிய பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி போதும். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும்.

பின்சேர்க்கை: பழைய ஃபிலிம் லென்ஸ்

பின்னூட்டங்களில் அதிகம் வந்த கேள்வி, "தாத்தாவின் ஃபிலிம் கேமரா லென்ஸ் இதில் மாட்டுமா?" என்பது. தாராளமாக மாட்டலாம். மவுன்ட்டிலிருந்து ஃபிலிமுக்கு இருக்க வேண்டிய தூரம் பழைய எம்42 திருகு லென்ஸ்களுக்கு 45.46 மி.மீ. சோனி இ மவுன்ட்டில் சென்சார் வரை 18 மி.மீ.தான். மீதி 27.46 மி.மீ.யை ஒரு வெற்று உலோக வளையம் நிரப்பிவிடுகிறது. கண்ணாடி எதுவும் தேவையில்லை, அதனால் அடாப்டரும் மலிவு.

மாட்டியதும் ஷட்டர் அடிக்காது. பலர் அடாப்டர் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பழுதில்லை. மின் தொடர்பு இல்லாததால், லென்ஸே மாட்டவில்லை என்று கேமரா நினைக்கிறது. சோனி மெனுவில் "ரிலீஸ் வித்அவுட் லென்ஸ்" என்பதை எனேபிள் செய்யுங்கள். ஃபூஜியில் "ஷூட் வித்அவுட் லென்ஸ்", கேனானில் "ரிலீஸ் ஷட்டர் வித்அவுட் லென்ஸ்". அதோடு ஃபோகஸ் ஆன ஓரங்களை நிறத்தில் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கையும் போட்டுக்கொண்டு, ஒரு பட்டனில் ஃபோகஸ் பெரிதாக்கியை வைத்துவிடுங்கள். பீக்கிங்கை மட்டும் நம்பி எஃப்/1.8இல் கண்களுக்கு ஃபோகஸ் வைக்க முடியாது, பெரிதாக்கிப் பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொரு வாசகர், அபெர்ச்சர் வளையத்தைத் திருப்பினாலும் இதழ்கள் அசையவே இல்லை என்று எழுதியிருந்தார். அவருடைய எம்42 லென்ஸின் பின்னால் ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். ஃபிலிம் கேமரா படம் எடுக்கும்போது அதை அழுத்தி இதழ்களை மூடும். லென்ஸில் ஏ, எம் என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் எம்முக்குத் தள்ளுங்கள், சரியாகிவிடும். ஸ்விட்ச் இல்லையென்றால், உள்பக்கம் விளிம்பு வைத்த எம்42 அடாப்டர் வாங்க வேண்டும். லென்ஸை முழுவதும் திருகியதும் அந்த விளிம்பு ஊசியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.