மண் சுவரோட அடிப்பாகம் கரைஞ்சத சரி பண்ண கதை

மண்ணும் வைக்கோலும் மிதிச்சு கட்டின சுவரு, மழைக்கு பயந்து வெளிப்பக்கம் சிமெண்ட் பூசிட்டேன், அதான் நான் பண்ண பெரிய தப்பு. ரெண்டு மழைக்காலம் நல்லாத்தான் இருந்துச்சு, அப்புறம் ஒருநாள் தட்டிப் பாத்தா டொக்கு டொக்குன்னு சத்தம், உடைச்சா தரையில இருந்து 1 அடி உயரத்துக்கு உள்ள மண்ணு களி மாதிரி கிடக்கு. சிமெண்ட்ல விழுந்த சின்ன விரிசல் வழியா தண்ணி உள்ள போயிருக்கு, ஆனா ஆவியா வெளிய வர வழியில்ல.

சிமெண்ட் மொத்தத்தையும் உளி வச்சு பேத்தேன் (வேலையில பாதி இதுதான், கையெல்லாம் கொப்பளம்). சுவர ஒட்டி ஏறியிருந்த மண்ண வெட்டி எடுத்து தண்ணி விலகி ஓட வாட்டம் குடுத்தேன். 6 வாரம் காய விட்டேன், இதுல அவசரப்பட்டா எல்லாம் வேஸ்ட்.

கெட்டுப்போனத ஒரேயடியா தோண்டாம 2 அடி 2 அடியா சுரண்டி, அதே மண்ணுல மணல் வைக்கோல் சேத்து மிதிச்சு, பழைய சுவர்ல தண்ணி தெளிச்சு கொஞ்சம் கொஞ்சமா அடைச்சேன், மொத்தமா கனமா அடைச்சா காயும்போது சுருங்கி பிரிஞ்சிடும். மேல 1 பங்கு சுண்ணாம்பு 3 பங்கு மணல், 2 கோட், வெயில் படாம ஈரச்சாக்கு போட்டு மூடினேன். கிளவுஸ் இல்லாம சுண்ணாம்ப தொடாதீங்க, நான் தொட்டேன், எரிஞ்சுது.