பிளான்டேஷனுக்குள்ள தானா முளைக்கிற காட்டை நாமளே வெட்டிடுறோம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேக்கோ பைனோ யூக்கலிப்டஸோ, வரிசையா நட்டு வச்ச மரங்களுக்குள்ள போறவங்க மேல மட்டும் பாத்துட்டு "ஒரே மரமா இருக்கு, இதெல்லாம் காடே இல்ல"ன்னு சொல்லிட்டு வந்துடுறாங்க. கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. யாரும் நடாத மரக்கன்னுங்க முழங்கால் உயரத்துக்கு நிக்கும், எல்லாம் பறவையும் வௌவாலும் காத்தும் கொண்டு வந்த விதை. நட்ட மரம் நிழல் குடுத்து புல்லை அடக்குது, மண்ணோட சூட்டைக் குறைக்குது, பறவைக்கு உக்கார கிளை குடுக்குது, அதனால அடுத்த காடு அதுக்கடியிலயே ஆரம்பிக்குது. கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோல ஏரியல் லூகோங்கிற சூழலியலாளர் பைன், மகோகனி பிளான்டேஷன்களை அதே வயசுல தானா வளர்ந்த காடுகளோட ஒப்பிட்டு 1992ல எழுதினாரு, வயசான பிளான்டேஷன்களோட கீழடுக்குல நாட்டு மரங்கள் நிறையவே வந்திருந்துச்சு. உகாண்டாவோட கிபாலே காட்டுப் பகுதியில பைன் மரங்களுக்கு அடியிலயும் இதையே பாத்திருக்காங்க.

அப்படி வர்றத நாம கெடுக்குற முதல் வழி, கீழ இருக்கறது எல்லாத்தையும் களைன்னு நினைச்சு வெட்டுறது. நட்ட முதல் ரெண்டு மூணு வருஷம் களையெடுப்பு வேணும், நான் மறுக்கல, புல்லும் கொடியும் கன்னை மூடிடும். ஆனா மரம் தலைக்கு மேல போனதுக்கு அப்புறமும் பழக்கத்துல வருஷா வருஷம் அரிவாளோட இறங்கி "சுத்தம்" பண்றாங்க பாருங்க, அங்கதான் வயிறு எரியுது, ஏன்னா உண்ணிச்செடியோட சேந்து நாலஞ்சு வருஷமா நிழல்ல பொறுமையா வளந்த நாட்டு மரக்கன்னும் ஒரே வீச்சுல போயிடும். வெட்டித்தான் ஆகணும்னா முதல்ல கன்னுங்களைத் தேடி ஒரு குச்சி நட்டு கலர் துணி கட்டி வைங்க, அப்புறம் மத்ததை எடுங்க. சருகைக் கூட்டி எரிக்கிறதும் இதே கணக்குதான், தீ ஓடுன இடத்துல தீயைத் தாங்குற புல்லும் புதரும்தான் திரும்ப வரும்.

அடுத்தது வெளிச்சம். ரொம்ப நெருக்கமா விட்டா கீழ வெளிச்சமே இறங்காது, வெறும் சருகுதான் கிடக்கும். அதைப் பாத்து பயந்து ஒரேயடியா பாதி மரத்தை எடுத்தா உண்ணிச்செடிக்கும் தர்ப்பைக்கும்தான் கொண்டாட்டம். கொஞ்சம் கொஞ்சமா, சில வருஷம் இடைவெளி விட்டு திண்ணிங் பண்ணணும், அதாவது நெருக்கத்தைக் குறைக்க நடுநடுவுல சில மரங்களை மட்டும் எடுக்கணும், ஏற்கனவே கன்னு நிக்கிற இடத்துக்கு மேல திறந்து விட்டா இன்னும் நல்லது.

"யூக்கலிப்டஸுக்கு அடியில எதுவுமே முளைக்காது"ன்னு ஒரே வரியில முடிக்கிறதும் தப்பு. அதோட இலையில இருக்கற ரசாயனங்கள் மத்த விதைகளோட முளைப்பைக் குறைக்கும்னு சோதனைகள்ல பாத்திருக்காங்க, அது உண்மைதான். ஆனா ஆறேழு வருஷத்துல வெட்டி, திரும்ப உழுது, ஆடு மாடும் மேஞ்சா எந்த மரத்துக்கு அடியில என்ன வளரும்? மரத்தோட பேரை விட அதை எத்தனை வருஷம் சும்மா விட்டோம்ங்கிறதத்தான் நான் முதல்ல கேப்பேன்.

இனங்களை எண்ணி மட்டும் சந்தோஷப்படாதீங்க. அறுபது வகை செடி இருக்கலாம், அதுல ஐம்பது சாலையோரத்துல கிடக்குற செடியா இருந்தா சக்செஷன், அதாவது ஒரு இடம் படிப்படியா காடா மாறுறது, நகரவே இல்லன்னு அர்த்தம். நிழலைத் தாங்குற காட்டு மரங்கள் இருக்கா, அதுல நாத்து மட்டும் இருக்கா இல்ல இடுப்பு உயரம், ஆள் உயரத்துலயும் கன்னு இருக்கா, இதைப் பாருங்க. நாத்து ஆயிரக்கணக்குல இருந்து ஆள் உயரத்துல ஒண்ணு கூட இல்லைன்னா நடுவுல ஏதோ கொல்லுது, மேய்ச்சலா தீயா இருட்டான்னு தேடணும். எண்ணும்போது அதே இடத்துல அதே பருவத்துல எண்ணுங்க, ஒரு வருஷம் மழை முடிஞ்ச உடனேயும் அடுத்த வருஷம் கோடையிலயும் எண்ணிட்டு "குறைஞ்சு போச்சு"ன்னு சொல்றதுல பிரயோஜனமே இல்ல.

எல்லாம் தானா வரும்னு கையைக் கட்டிட்டு இருக்கறதும் ஆபத்து. சின்னப் பழம் தர்ற மரங்களை சின்னப் பறவைகளே கொண்டு வந்துடும். பெரிய விதை உள்ளதுக்கு இருவாச்சி மாதிரி பெரிய பறவையோ பெரிய விலங்கோ வேணும், அதுங்க இல்லாம, பக்கத்துல தாய்மரமும் இல்லாம எத்தனை வருஷம் காத்திருந்தாலும் அந்த மரங்கள் வர்றது கஷ்டம். அதை மட்டும் நாம நிழல்ல நடணும்.

"இனிமே காடா மாறட்டும்"னு முடிவு பண்ண உடனே நட்ட மரத்தை மொத்தமா வெட்டி லாரியில ஏத்துறதும் நடக்குது. மரம் விழுற அடியிலயும் இழுத்துட்டுப் போற தடத்துலயும் கீழ இருந்த கன்னெல்லாம் நசுங்கிடும். வெட்டுனா திரும்பத் துளிர்க்காத மரமா இருந்தா பட்டையைச் சுத்தி வளையமா உரிச்சு நின்னபடியே காய விடலாம், வெளிச்சம் மெதுவா இறங்கும், கன்னும் தப்பிக்கும்.

கடைசியா, அந்த இடம் முன்னாடி என்னவா இருந்துச்சுன்னு கேக்காம எதையும் ஆரம்பிக்காதீங்க. புல்வெளியை அழிச்சு மரம் நட்ட இடங்களும் உலகம் பூரா இருக்கு. அங்க கீழ மரக்கன்னு பெருகுறது நல்ல செய்தியே இல்ல, வரிசைகளுக்கு நடுவுலயும் பாறை ஓரத்துலயும் பழைய புல்லோட தூர் இன்னும் உயிரோட இருக்கான்னுதான் பாக்கணும்.