நிலா ஏன் உருண்டை, போபோஸ் ஏன் கோணல்? மணலும் தோசை மாவும் வைத்துப் பார்ப்போம்

சேலத்துக்காரர்களுக்கு உருண்டை புதிதல்ல. சேகோ மில்லில் ஈர மாவைக் குலுக்கினால் ஜவ்வரிசி உருள்கிறது. நிலாவும் அப்படிச் சுழன்று சுழன்றே உருண்டையானது என்று பலர் நினைக்கிறார்கள். சுழற்சி செய்வது அதற்கு நேர்மாறு: கோளை அது தட்டையாக்கும். பத்தரை மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றும் சனியின் குறுக்களவு நடுவில் சுமார் 1,20,500 கி.மீ., துருவங்களுக்கிடையே 1,08,700 கி.மீ. உருண்டையாக்குவது சொந்த எடைதான்.

படி 1. ஒரு தட்டில் அரை டம்ளர் காய்ந்த மணலையும், இன்னொன்றில் அரை டம்ளர் தோசை மாவையும் நடுவில் ஊற்றுங்கள். மணல் கிட்டத்தட்ட 30 பாகைச் சரிவோடு குவியலாக நிற்கும், மாவு படர்ந்துவிடும். மணலில் ஈரம் இருந்தால் சுவர்போல் நின்று ஏமாற்றும், வெயிலில் காயவையுங்கள். இட்லிப் பதத்து மாவும் சரிவராது, நீர் விட்டுத் தளர்த்துங்கள்.

படி 2. மாவு சமமானது என்றால் அதன் மேற்பரப்பு எங்கும் பூமியின் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறது என்று பொருள். ஒரு கோள் முழுவதும் இப்படிச் 'சமமானால்' கிடைப்பது உருண்டை. ஆக, கேள்வி ஒன்றுதான்: அந்தக் கோளின் பாறை மணல்போல் நிற்குமா, மாவுபோல் வழியுமா?

படி 3. மைய அழுத்தத்தைக் கணக்கிடுங்கள். ஆரத்தைக் கிலோமீட்டரிலும் அடர்த்தியை ஒரு கன செ.மீ.க்கு இத்தனை கிராம் என்றும் எடுத்து, இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிப் பெருக்கி, 725-ஆல் வகுத்தால் போதும். விடை, கடல்மட்டக் காற்றழுத்தத்தைப்போல் எத்தனை மடங்கு என்று வரும். அடர்த்தி உள்ளே எங்கும் ஒன்றே என்று கொண்ட தோராயக் கணக்கு இது.

செவ்வாயின் துணைக்கோள் போபோஸ்: ஆரம் 11, அடர்த்தி 1.9. விடை 0.6.
நம் நிலா: 1,737, 3.34. விடை சுமார் 46,000.

பலர் சறுக்குவது இங்கேதான்: ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டால் விடை நான்கு மடங்கு ஏறிவிடும்.

படி 4. ஏற்காடு மலைப்பாதையில் வெட்டுப்பட்டுத் தெரியும் கருநிறப் பாறை பெரும்பாலும் சார்னோகைட். அப்படிப்பட்ட கல்லை நசுக்க ஆயிரம் மடங்குக்கு மேல் அழுத்தம் வேண்டும். போபோஸுக்குள் அதில் துளிகூட இல்லை. உருளைக்கிழங்கு வடிவிலேயே கிடக்கிறது. நிலாவின் உட்பகுதியால் எதிர்த்து நிற்க முடியாது. அதோடு, பிறந்த காலத்தில் உள்ளே சூடாக இருந்த கோள் இன்னும் எளிதாக வழியும்.

பனிக்கட்டியைப் பாறையாகக் கருதிவிடாதீர்கள். சனியின் பனித் துணைக்கோள் மீமாஸ் (198, 1.15) வெறும் 72 மடங்கோடு உருண்டையாகிவிட்டது, ஏனெனில் பனி பாறையைவிட மிக வலிமை குறைந்தது. ஆனால் அதைவிடச் சற்றே பெரிய, நெப்டியூனின் துணைக்கோள் புரோட்டியஸ் கோணலாகவே இருக்கிறது. இந்த எல்லையைக் கத்தியால் வெட்டியதுபோல் வரைய முடியாது. பழைய வெப்பமும் வாங்கிய மோதல்களும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

கடைசியாக வெஸ்டா என்ற சிறுகோளைப் போட்டுப் பாருங்கள்: 262, 3.46. சுமார் 1,130 வரும், சரியாகப் பாறையின் எல்லையில். நேரிலும் அது அரைகுறை உருண்டைதான். தென்முனையில் 500 கி.மீ. அகலப் பெரும்பள்ளம், உள்ளே ஆறி இறுகிவிட்டதால் அந்தக் காயம் இன்றுவரை நிரம்பவில்லை.