கிக்பால் லீக்கில் ‘வாரத்து ஆள்’ தேர்ந்தெடுப்பது எப்படி? ஒரு நோட்டும் பென்சிலும் போதும்

கிக்பால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: பள்ளித் திடலில் ஆடிய ரவுண்டர்ஸ்தான், மட்டைக்குப் பதில் கால். 10 அங்குல ரப்பர் பந்தை ஒருவர் தரையோடு உருட்டிவிடுவார், நீங்கள் உதைத்துவிட்டு 60 அடிக்கு ஒன்றாக இருக்கும் பேஸ் என்ற நிறுத்தங்களைச் சுற்றி, உதைத்த இடத்துக்கே (அதுதான் ‘வீடு’) ஓடித் திரும்ப வேண்டும். உதைத்த பந்தைக் கீழே விழாமல் பிடித்துவிட்டால் அவுட், நீங்கள் முதல் பேஸுக்குப் போவதற்குள் பந்து அங்கே போய்விட்டால் அவுட், ஓடும்போது தோளுக்குக் கீழே பந்தால் அடித்தாலும் அவுட். 3 அவுட் விழுந்தால் அணி மாறும். அமெரிக்காவில் சிறுவர்களின் விளையாட்டாக இருந்ததை 1998-இல் வாஷிங்டனில் வேலைக்குப் போகும் பெரியவர்கள் சங்கம் வைத்து ஆட ஆரம்பித்தார்கள். நமக்கு வந்த கதை சின்னது. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலைக்கு வந்த ஓர் அமெரிக்க எஞ்சினியர் ஊருக்குப் போகும்போது ஒரு சிவப்புப் பந்தை விட்டுப் போனார். இப்போது நான்கு அணி, ஞாயிறு காலை, பாலம் தாண்டி பட்டர்வொர்த்திலிருந்து வருபவர்களுக்காக எப்போதும் அரைமணி தாமதம்.

ஆட்டத்தில் சண்டை வரவில்லை. வாரா வாரம் யார் நன்றாக ஆடினார் என்று அறிவிக்கப் போய்த்தான் வந்தது.

முதலில் வாட்ஸ்அப்பில் ஓட்டு வைத்தோம். நான்கு வாரமும் ஒரே ஆள் ஜெயித்தார், எங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசர் அண்ணன். அவர் உதைத்தால் பந்து வேலியைத் தாண்டி கால்வாயில் விழும், அதனால் தகுதி இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் குழுவில் அவர் அணிக்காரர்கள்தான் அதிகம் என்பதும் உண்மை. இதே நான்கு வாரமும் முதல் பேஸில் நின்ற ஓர் அக்கா எத்தனை பேரை அவுட்டாக்கினார் என்று யாருக்கும் நினைவில்லை. ஐந்தாவது வாரம், “தம்பி, வீட்டுல கொஞ்சம் வேலை” என்றார். ஒரு வேலையும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம்தான் நோட்டு வாங்கினேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

முதல் வேலை: பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள்

இடது பக்கம் உதைக்கும் அணி. உதைக்கும் வரிசையிலேயே பெயர்களை எழுதி, ஒவ்வொரு உதைக்கும் ஓர் எண் போடுங்கள்: அவுட் என்றால் 0, முதல் பேஸ் வரை போனால் 1, ஒரே மூச்சில் வீடு திரும்பினால் 4. அந்த உதையால் ஏற்கெனவே பேஸில் நின்ற யாராவது முன்னேறினால் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. இந்தக் கூட்டல் குறி முக்கியம், ஏனென்றால் பந்தை வேண்டுமென்றே மெதுவாகத் தட்டிவிட்டு, தான் அவுட்டாகி, மூன்றாம் பேஸில் நிற்பவரை வீட்டுக்கு அனுப்புகிறவர் கணக்கில் வெறும் 0-தான் விழும். கூட்டல் குறியோடு இருக்கும் 0-வை மதிக்கப் பழகுங்கள். (ஏற்கெனவே 2 அவுட் ஆகியிருந்தால் இந்தத் தியாகத்துக்குப் பலன் இல்லை, மூன்றாவது அவுட்டோடு கதை முடிந்துவிடும்.)

வலது பக்கம் தடுக்கும் அணி. ‘பி’ என்றால் பிடித்தவர், ‘எ’ என்றால் எடுத்து எறிந்தவர், ‘வா’ என்றால் பேஸில் நின்று வாங்கியவர், ‘அ’ என்றால் ஓடுபவரைப் பந்தால் அடித்தவர். எறிந்தவரும் வாங்கியவரும் சேர்ந்துதான் ஓர் அவுட், ஆகவே இரண்டு பேருக்கும் எழுத வேண்டும். வேலியைத் தாண்டும் உதையைத் திடலே பார்க்கும், வாங்குகிறவரை யாரும் பார்ப்பதில்லை.

என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கிறது: “3-ஆம் சுற்று, 2 அவுட், எ தம்பி, வா அக்கா.” (ஆமாம், சமாதானம் பேசி அக்காவைத் திரும்பக் கூட்டிவந்தோம்.) அன்றைக்கு மூன்றாம் பேஸ் தம்பி அவசரத்தில் எறிந்த பந்து தலைக்கு மேலே போனது. மழை பெய்து ஓய்ந்த திடல், பந்து முழுக்க ஈரம். அந்தப் பந்தை விரலால் பிடிக்கப் பார்த்தால் வழுக்கும், நெஞ்சில் பட்டால் தெறிக்கும். அக்கா ஒரு காலைப் பேஸிலிருந்து எடுக்காமலே எட்டி, பிள்ளையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். நோட்டில் அது ஒரே எழுத்து.

எழுதுவது யார்?

கேப்டன் வேண்டாம், அவருக்குக் கத்துகிற வேலையே சரியாக இருக்கும். உதைக்கும் அணியில், தன் முறை வர இன்னும் நாலைந்து பேர் இருக்கிற ஒருவர் எழுதட்டும், அப்புறம் அடுத்தவர் கைக்கு மாறட்டும். சொந்தப் பெயருக்கு நேரே மட்டும் வேறொருவர் எழுத வேண்டும். ஒரு தடவை என் 1-ஐ நானே 2 ஆக்கியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

தேர்வு

ஆட்டம் முடிந்து மாமாக் கடையில் பசியாற உட்காரும்போது, அணிக்கு ஒருவராக நான்கு பேர் நோட்டைப் பார்த்துப் பேசுங்கள். எண்களைக் கூட்டி யாருக்கு அதிகம் என்று மட்டும் பார்க்காதீர்கள், கூட்டினால் மறுபடியும் சூப்பர்வைசர் அண்ணன்தான் வருவார். மறந்துபோனதை ஞாபகப்படுத்தத்தான் நோட்டு.

ஓட்டே கூடாதா என்று கேட்பீர்கள். நம் பினாங்கு அணிக்காகக் கால்பந்து ஆடிய ஃபைஸ் சுப்ரி 2016 பிப்ரவரியில் பகாங்குக்கு எதிராக அடித்த அந்த வளைந்த ஃப்ரீ கிக், ஆண்டின் சிறந்த கோலுக்கு ஃபிஃபா கொடுக்கும் புஸ்காஸ் விருதை வாங்கியது ரசிகர்கள் போட்ட ஓட்டில்தானே. சரிதான், ஆனால் அது ஒரே ஒரு கோல், உலகமே திரும்பத் திரும்ப வீடியோவில் பார்த்த கோல். நம் திடலில் கேமரா ஏது? யாராவது போனில் எடுத்திருந்தால் ‘வாரத்து கேட்ச்’சுக்கு மட்டும் ஓட்டு வையுங்கள்.

முறை போட்டு ஆளுக்கு ஒரு வாரம் என்று கொடுப்பதும் எனக்குப் பிடிக்காது. மூன்றாவது வாரமே எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிடும், நான்காவது வாரம் வாங்குகிறவருக்கே கூச்சமாக இருக்கும்.

அறிவிப்பு

அன்றைக்கே மாலைக்குள் போட்டுவிடுங்கள். “அருமையாக ஆடினார், வாழ்த்துகள்” என்று எழுதினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். நடந்ததைச் சொல்லுங்கள்: “மூன்றாம் சுற்றில் தலைக்கு மேல் போன பந்தை வாங்கி இரண்டு புள்ளியைக் காப்பாற்றினார்.” பரிசு என்று பெரிதாக எதுவும் வேண்டாம், அன்றைய ரொட்டி சானாயும் தே தாரிக்கும் அவருக்கு இலவசம், அவ்வளவுதான். பணம் வைத்தால் நோட்டை நம்ப மாட்டார்கள்.

கடைசிப் பக்கத்தைக் காலியாக விடுங்கள், எண்ணில் அடங்காததை எழுத. போன மாதம் ஒரு பையன் இரண்டாம் பேஸுக்கு ஓடும்போது பந்து கணுக்காலை உரசிப் போனது. அம்பயர் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. அவனே நின்று, “பட்டுச்சு அண்ணே” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தான். அவன் அணி ஒரு புள்ளியில் தோற்றது. அன்றைக்கு நான்கு பேர் உட்கார்ந்து பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பேனா வேண்டாம், பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். பேனா மை மழையில் கரைந்து, எங்கள் முதல் இரண்டு வாரக் கணக்கும் நீலக் கறையாகத்தான் இருக்கிறது.