பங்காளிகளின் நூறு ஆண்டு: பிராங்க் அரசர்களின் வாரிசுப் படத்தை ஒரே தாளில் வரைவது எப்படி

புதுச்சேரியில் பிரான்ஸ் வரலாறு படிப்பவர்கள் முதலில் திணறுவது பழைய பிராங்க் அரச வம்சமான மெரோவிங்கியர்களிடம்தான். பிராங்குகளை ஒரே ஆட்சியில் சேர்த்த க்ளோவிஸ் வரை சிக்கல் இல்லை. 511-ல் அவன் இறந்ததும் நான்கு மகன்கள் நான்கு ஊர்களில் அரசர்களாக உட்காருகிறார்கள். ஐம்பது ஆண்டு கழித்து மறுபடி நான்கு மகன்கள், மறுபடி நான்கு ஊர்கள். க்ளோத்தார், சில்டெபர்ட், தியூடெரிக், தியூடெபர்ட் என்ற பெயர்கள் தலைமுறைக்குத் தலைமுறை திரும்பி வருகின்றன.

வழக்கமான வம்ச மரம் இங்கே போதாது. யார் யாருக்குப் பிள்ளை என்று மரம் சொல்லும். எந்த ஆண்டில் எந்த ஊர் யார் கையில் இருந்தது என்று சொல்லாது. இவர்கள் அடித்துக்கொண்டது முழுக்க முழுக்க ஊருக்காகத்தான். ஆகவே மரம் வேண்டாம், காலப் பத்தி வரையுங்கள். 511 முதல் 613 வரை 102 ஆண்டுகள் ஒரு சார்ட் தாளில் கச்சிதமாக அடங்கும்.

தாளும் கோடும்

22 அங்குல அகலம், 28 அங்குல நீளமுள்ள வெள்ளைச் சார்ட் ஒன்று, 12 வண்ணப் பென்சில் பெட்டி ஒன்று, நீளமான அளவுகோல், அழிப்பான். ஸ்கெட்ச் பேனா வேண்டாம். ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறத்தைச் சாய்கோடாக ஓட்ட வேண்டிய இடங்கள் இதில் நிறைய உண்டு. ஸ்கெட்ச் மை அங்கே கலங்கிப்போகும்.

தாளை நெடுக்காக வையுங்கள். மேலே 2½ அங்குலம் தலைப்புக்கு. மீதி 25½ அங்குலம் ஆண்டுகளுக்கு: ஓர் ஆண்டுக்குக் கால் அங்குலம். அகலத்தில் இடது ஓரம் 2 அங்குலம் ஆண்டு எண்களுக்கு, பிறகு நான்கு பத்திகள் தலா 4½ அங்குலம், வலது ஓரம் 2 அங்குலம் அரசிகளுக்கு. அரசிகளுக்கு இடம் ஒதுக்காமல் வரைந்த படம் 561-க்குப் பிறகு புரியவே புரியாது.

பத்திகளின் தலைப்பு ஊர்ப் பெயர்கள்: ரேம்ஸ், சுவாசோன், பாரிஸ், ஓர்லேயான். பத்தி என்பது ஊர், நிறம் என்பது கிளை. இதை மாற்றவே கூடாது. மகனுக்குத் தந்தையின் நிறம். அண்ணன் தம்பிகளுக்குத் தனித்தனி நிறம் (596-ல் வரும் சகோதரர்கள் மட்டும் விலக்கு). மொத்தம் எட்டு நிறம் செலவாகும்: க்ளோவிஸின் நான்கு மகன்களுக்கு நான்கு (ரேம்ஸில் தியூடெரிக், சுவாசோனில் க்ளோத்தார், பாரிஸில் சில்டெபர்ட், ஓர்லேயானில் க்ளோடோமர்), 561-க்குப் பிறகு க்ளோத்தாரின் நான்கு மகன்களுக்கு நான்கு.

இப்போது இடது ஓரத்தில் சாவுகளை மட்டும் குறியுங்கள். 511-ஐச் சுழி என்று வைத்தால், 524 என்பது 3¼ அங்குலத்தில் வரும். 533 – 5½. 548 – 9¼. 555 – 11. 558 – 11¾. 561 – 12½. 567 – 14. 575 – 16. 584 – 18¼. 592 – 20¼. 596 – 21¼. 612 – 25¼. 613 – தாளின் அடி. எல்லாக் கோடும் தாளின் முழு அகலத்துக்கும் போகட்டும். ஒரு பத்தியில் விழும் சாவு மற்ற மூன்று பத்திகளையும் ஆட்டுகிறது.

இரண்டு நூல்களில் இந்த ஆண்டுகள் ஒன்று முன்பின் இருக்கக் கண்டால் குழம்ப வேண்டாம். நமக்கு முதன்மைச் சான்று தூர் நகர ஆயர் கிரெகோரி. அவர் ஆட்சியாண்டுக் கணக்கில் எழுதுகிறார், கிறிஸ்து ஆண்டில் அல்ல. ஏதாவது ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு தாள் முழுக்க அதையே பிடியுங்கள்.

சாவு விழுந்ததும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

மூத்தவனுக்கே பட்டம் என்ற விதி பிராங்குகளிடம் இல்லை. தாய் யார் என்பதும் தடையில்லை. க்ளோவிஸின் மூத்த மகன் தியூடெரிக், க்ளோடில்டா அரசியாக வருவதற்கு முன்பே வேறொரு பெண்ணுக்குப் பிறந்தவன். பெரிய பங்கே அவனுக்குப் போயிற்று. அரசனின் ஆண்பிள்ளை என்றால் பாத்தியதை உண்டு, அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு சாவும் இறந்தவனின் பிள்ளைகளுக்கும் அவன் கூடப்பிறந்தவர்களுக்கும் இடையே ஒரு போட்டியைத் திறந்துவிடுகிறது. நம் பக்கம் பாகப்பிரிவினையில் சித்தப்பா, பெரியப்பாக்களுக்கும் அண்ணன் மகன்களுக்கும் நடப்பதை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். பங்காளி என்ற சொல்லுக்கு உறவு, எதிரி என்ற இரண்டு பொருளும் இங்கே சரியாகப் பொருந்தும்.

கோடு ஒன்றைத் தொட்டதும் கேளுங்கள்: இறந்தவனுக்கு ஆண்பிள்ளை இருக்கிறானா? அவன் ஆயுதம் ஏந்தும் வயதா? கருவூலமும் படைத்தலைவர்களும் யார் பக்கம்? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே நிறம் தீட்ட வேண்டும்.

524: ஓர்லேயானின் க்ளோடோமர் பர்கண்டியர்களோடு வெசெரோன்ஸில் போரிட்டு மடிந்தான். மூன்று பிள்ளைகள், எல்லோரும் சிறுவர்கள், பாட்டி க்ளோடில்டாவின் பாதுகாப்பில். சித்தப்பாக்களான சில்டெபர்ட்டும் க்ளோத்தாரும் பாட்டியிடம் ஒரு கத்தரிக்கோலையும் உருவிய வாளையும் அனுப்பினார்கள்: தலைமுடி போகட்டுமா, உயிர் போகட்டுமா என்று கேட்டு. நீண்ட முடி இந்த வம்சத்தில் அரசுரிமையின் அடையாளம். வெட்டினால் பட்டத்துக்கு ஆகாது. முடி இழந்து பார்ப்பதைவிடச் செத்துப் பார்ப்பதே மேல் என்று அதிர்ச்சியில் அவள் சொன்ன வார்த்தை போதுமானதாக இருந்தது. பத்து வயது, ஏழு வயதுப் பையன்கள் இருவரும் கொல்லப்பட்டார்கள். மூன்றாமவன் க்ளோடோவால்ட் தப்பி, தானே முடியை வெட்டிக்கொண்டு துறவியானான். பாரிஸை ஒட்டிய சேன்-க்ளூ ஊருக்கு அவன் பெயர்தான். ஓர்லேயான் பத்தியை 524-லிருந்து இரண்டு சித்தப்பாக்களின் நிறத்திலும் சாய்கோடாக நிரப்புங்கள்.

இங்கேயே இரண்டு குறிகளை முடிவுசெய்துகொள்ளுங்கள். கொலைக்குக் கத்தி, முடி வெட்டப்பட்டதற்குக் கத்தரிக்கோல். கத்தரிக்கோலைக் கொலைக்குச் சமமாக எண்ணக் கூடாது, முடி வளரும். க்ளோத்தாரின் மகன் நானே என்று வந்த குண்டோவால்டுக்கு இரண்டு முறை முடி வெட்டினார்கள். அவன் வளர்த்துக்கொண்டு, 584-ல் பிரீவ் ஊரில் கேடயத்தின் மேல் ஏற்றப்பட்டு அரசனானான். அடுத்த ஆண்டு கொமேன்ஜ் முற்றுகையில் கொல்லப்பட்டான்.

533-ல் தியூடெரிக் இறந்தபோதும் சித்தப்பாக்கள் பாய்ந்தார்கள். இந்த முறை மகன் தியூடெபர்ட் வளர்ந்தவன், படை நடத்திப் பழகியவன். தலைவர்கள் அவன் பக்கம் நின்றார்கள். பத்தியின் நிறம் மாறவில்லை. 548-ல் அவன் மகன் தியூடெபால்ட் சிறுவனாக இருந்தும் அரசனானான். 555-ல் அவன் பிள்ளையில்லாமல் இறக்க, ரேம்ஸ் பத்தி க்ளோத்தாரின் நிறத்துக்குப் போகிறது. 558-ல் பாரிஸின் சில்டெபர்ட் இறந்தான், பெண்பிள்ளைகள் மட்டுமே. க்ளோத்தார் அந்தப் பெண்களையும் தாயையும் நாடுகடத்திவிட்டு அதையும் எடுத்துக்கொண்டான். 558 முதல் 561 வரை நான்கு பத்தியும் ஒரே நிறம். தாளில் இது முக்கால் அங்குலப் பட்டை. ஒன்றுபட்ட பிராங்க் அரசு என்று நூல்கள் பேசுவது இந்தக் காலத்தில் எவ்வளவு சொற்பம் என்பதைக் கண்ணால் பார்க்க இந்த முக்கால் அங்குலம் போதும்.

561-க்குப் பிறகு

க்ளோத்தார் இறந்த உடனே சில்பெரிக் செய்ததைப் பாருங்கள். பெர்னியில் இருந்த தந்தையின் கருவூலத்தைக் கைப்பற்றினான், தலைவர்களுக்குப் பரிசு கொடுத்தான், பாரிஸுக்குள் நுழைந்து உட்கார்ந்தான். மூன்றாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. மற்ற மூவரும் சேர்ந்து அவனை வெளியேற்றிய பிறகே முறையான பங்கீடு நடந்தது: காரிபர்ட்டுக்குப் பாரிஸ், குன்ட்ராமுக்கு ஓர்லேயான், சிகிபர்ட்டுக்கு ரேம்ஸ், சில்பெரிக்குக்குச் சுவாசோன். மூவரின் தாய் இங்குண்டா; சில்பெரிக்கின் தாய் அவள் தங்கை அரெகுண்டா.

567-ல் காரிபர்ட் ஆண்பிள்ளை இல்லாமல் இறந்தான். அவன் பங்கை மூவரும் பிரித்தார்கள். மற்றவர் சம்மதமின்றி யாரும் பாரிஸுக்குள் நுழையக் கூடாது என்று உடன்பாடு. பாரிஸ் பத்தியை மூன்று நிறச் சாய்கோடாக விடுங்கள்.

இனி வலது ஓரம். சிகிபர்ட் ஸ்பெயினை ஆண்ட விசிகோத் இனத்து இளவரசி புருன்ஹில்டை மணந்தான். சில்பெரிக் அவள் கூடப்பிறந்த கால்ஸ்வின்தாவை மணந்து, காலைப் பரிசாக (மணம் முடிந்த மறுநாள் காலை கணவன் மனைவிக்குத் தருவது) போர்தோ, லிமோஜ், கஹோர், பெயார்ன், பிகோர் என்ற ஐந்து இடங்களைக் கொடுத்தான். கொஞ்ச நாளில் அவள் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தாள்; சில்பெரிக் ஃபிரெடெகுண்டை மணந்துகொண்டான். இதை இரண்டு பெண்களின் பகை என்று மட்டும் எழுதிவிடுவது பலர் செய்யும் தவறு. ஐந்து இடங்களின் பெயரையும் ஓரத்தில் எழுதி, அங்கிருந்து 587-க்கு ஒரு கோடு இழுங்கள். அந்த ஆண்டு ஆந்த்லோ உடன்படிக்கையில் குன்ட்ராமும் புருன்ஹில்டின் தரப்பும் பேசித் தீர்த்தவற்றில் இதே ஐந்தும் உண்டு: கஹோர் உடனே புருன்ஹில்டுக்கு, மற்றவை குன்ட்ராம் காலத்துக்குப் பின். இருபது ஆண்டுப் பழைய காலைப் பரிசு அரசியல் ஆவணத்தில் வந்து நிற்கிறது.

575-ல் சில்பெரிக்கின் ஆட்களே சிகிபர்ட்டைக் கேடயத்தில் ஏற்றிய வேளையில், விட்ரியில், ஃபிரெடெகுண்ட் அனுப்பிய இருவர் நஞ்சு பூசிய கத்தியால் அவனைக் குத்தினார்கள். மகன் இரண்டாம் சில்டெபர்ட்டுக்கு ஐந்து வயது. தலைவர்கள் பாரிஸிலிருந்து அவனைக் கடத்திக் கொண்டுபோய் அரசனாக்கினார்கள். பத்தி நிறம் மாறாமல் நின்றது. 584-ல் சில்பெரிக் ஷெல் ஊரில் கொல்லப்பட்டபோது மகன் இரண்டாம் க்ளோத்தார் கைக்குழந்தை. குழந்தை தம்பியுடையதுதானா என்று குன்ட்ராம் சந்தேகப்பட, மூன்று ஆயர்களும் முந்நூறு பெருந்தலைவர்களும் சத்தியம் செய்தார்கள். இரண்டு இடத்திலும் சிறுவனைக் காப்பாற்றியது சட்டம் அல்ல, அவனைச் சுற்றி நின்ற ஆட்கள். 524-ல் க்ளோடோமரின் பிள்ளைகளைச் சுற்றி அப்படி யாரும் நிற்கவில்லை.

592-ல் குன்ட்ராம் இறக்க, அவன் மகனாக ஏற்றிருந்த இரண்டாம் சில்டெபர்ட்டுக்கு ஓர்லேயான் பத்தியும் போகிறது. 596-ல் அவனும் இறக்க, மகன்கள் தியூடெபர்ட்டுக்கு ரேம்ஸ், தியூடெரிக்குக்கு ஓர்லேயான். இருவரும் ஒரே கிளை, ஒரே நிறம். நடுவே தடித்த கோடு போடுங்கள். 612-ல் தம்பி அண்ணனைத் தோற்கடித்தான். 613-ல் அவனே வயிற்றுக்கடுப்பில் மெஸ் நகரில் இறந்தான். கொள்ளுப்பேரனை அரசனாக்கப் பார்த்த புருன்ஹில்டைத் தலைவர்கள் கைவிட, இரண்டாம் க்ளோத்தார் நான்கு பத்தியையும் அள்ளினான். தமிழில் முறை சொன்னால் அந்த இரண்டு சகோதரர்களுக்கும் அவன் சித்தப்பா. வயதில் இரண்டு மூன்று ஆண்டே மூத்தவன். புருன்ஹில்ட் அவனுக்குப் பெரியம்மா. பத்து அரசர்களின் சாவுக்குக் காரணம் என்று குற்றம் சாட்டி அவளைக் கொன்றான். அந்தப் பத்துப் பேரில் அவன் தரப்பு கொன்றவர்களும் அடக்கம். ஆகவே படத்தில் அதைக் குற்றச்சாட்டு என்றே எழுதுங்கள்.

வரைபடம் சேர்ப்பவர்களுக்கு

நான்கு பங்கையும் நான்கு பெரிய கட்டமாகத் தீட்டினால் தவறு. தலைநகரங்கள் நான்கும் வடக்கே நெருங்கிக் கிடந்தன. பாரிஸிலிருந்து மற்ற மூன்றில் எதுவும் புதுச்சேரி–சென்னை தூரத்தைத் தாண்டாது. ஆனால் தெற்கே அக்கித்தேனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஊர்கள் சிதறிக் கிடந்தன. மார்செய் நகரமே பாதிப் பாதியாகப் பங்கு போடப்பட்டது. கடலூரிலிருந்து பாகூர் வழியாகப் புதுச்சேரி போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: எல்லைப் பலகை வரும், போகும், மறுபடி வரும். காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகியவை எப்படிப் புதுச்சேரியோ, அப்படித்தான் ஓர் அரசனின் தெற்கத்தி ஊர்களும். புள்ளி புள்ளியாகவே தீட்டுங்கள்.

தூர் நகரத்துக்கு மட்டும் நான்கு புள்ளி வையுங்கள்: 570-ல் சிகிபர்ட், 580-ல் சில்பெரிக், 584-ன் கடைசியில் குன்ட்ராம், 590-ல் இரண்டாம் சில்டெபர்ட். கிரெகோரி 573 முதல் 594 வரை அங்கே ஆயர். சில்பெரிக்கை நம் காலத்து நீரோ, ஏரோது என்று அவர் திட்டுவதைப் படிக்கும்போது இந்தப் புள்ளிகளைப் பாருங்கள்.

அடிக்கடி நேரும் பிழைகள்

பிராங்க் நாட்டின் கிழக்கு, மேற்குப் பகுதிகளைக் குறிக்கும் ஆஸ்திரேசியா, நியூஸ்ட்ரியா என்ற பெயர்களைத் தாளின் மேல்பாதியில் எழுதாதீர்கள். அந்தப் பெயர்கள் பின்னால் வருபவை. பெண்களுக்குப் பங்கில்லாததற்குப் பிராங்குகளின் பழைய சட்டத் தொகுப்பான சாலிக் சட்டத்தைக் காரணம் காட்டாதீர்கள். அதில் பேசப்படுவது நிலம். அரசுரிமைக்கு அதை இழுத்தது 14-ஆம் நூற்றாண்டுக்காரர்கள். பிரெஞ்சு நூலும் ஆங்கில நூலும் சேர்த்துப் படித்தால் ஒரே ஆளை இரண்டு முறை எழுதும் ஆபத்து உண்டு: தியெரிதான் தியூடெரிக், க்ளோதேர்தான் க்ளோத்தார், கோன்த்ரான்தான் குன்ட்ராம், ப்ரூனெயோதான் புருன்ஹில்ட். தாளின் பின்பக்கம் இந்த இணைகளை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

படம் சரியா என்று பார்க்க அளவுகோலைக் குறுக்கே வைத்து நிறங்களை எண்ணுங்கள். 520-ல் நான்கு, 540-ல் மூன்று, 560-ல் ஒன்று, 565-ல் நான்கு, 570-ல் மூன்று, 590-ல் மூன்று. 600-ல் நிறம் இரண்டு, அரசர் மூவர். 600-ல் மூன்று நிறம் வந்தால், குன்ட்ராமின் நிறத்தை 592-ல் நிறுத்த மறந்திருக்கிறீர்கள்.