இமேஜ் எழுதி முடிந்தது, போர்டு ஏன் எழவில்லை? இஎம்எம்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறிய கணினிப் போர்டு ஒன்றின் இஎம்எம்சி நினைவகத்தில் இமேஜை, அதாவது இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பை, எழுதுகிறோம். எழுதும் மென்பொருளின் திரையில் நூறு சதவீதம் என்று வந்துவிடும். போர்டுக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்தால், விளக்கு மட்டும் எரியுமே தவிர வேறு அசைவு எதுவும் இருக்காது. இந்த நிலையில் பெரும்பாலானோர் செய்வது, அதே இமேஜை அதே முறையில் இன்னொரு தடவை எழுதிப் பார்ப்பதுதான், பலன் மாறாது. நான் பார்த்தவரையில், எழுதும் செயலே பாதியில் கெட்டுப்போவது அரிது. நாம் எழுதிய இடமும், மின்சாரம் வந்தவுடன் போர்டு தேடிச் சென்று படிக்கும் இடமும் வெவ்வேறாக இருப்பதே இந்த மௌனத்துக்கு முதன்மையான காரணம். ஆகவே அந்தத் தவற்றைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

இஎம்எம்சி என்பது நேண்ட் ஃபிளாஷ் நினைவகமும் அதை நிர்வகிக்கும் கன்ட்ரோலரும் ஒரே சிப்பில் அடங்கிய அமைப்பு. எஸ்டி கார்டைப் போல ஒற்றைப் பரப்பாகத் தோன்றினாலும், அதற்குள் வன்பொருள் அளவிலேயே பிரிக்கப்பட்ட பகுதிகள் உண்டு: பூட்0, பூட்1 என்னும் இரண்டு சிறிய பகுதிகள், ஆர்பிஎம்பி என்னும் பாதுகாக்கப்பட்ட பகுதி, மீதமுள்ள பெரிய பயனர் பகுதி. நாம் வழக்கமாக இமேஜ் எழுதுவது பயனர் பகுதியில். எங்கிருந்து பூட் செய்ய (இயக்கத்தைத் தொடங்க) வேண்டும் என்பதையோ, இஎக்ஸ்டி-சிஎஸ்டி எனப்படும் உள் பதிவேட்டின் 179-ஆம் பைட் குறித்து வைத்திருக்கிறது. அந்த பைட் பூட்0-வைச் சுட்டிக்கொண்டிருந்து, ப்ராசசரின் பூட் ரோமும் (மின்சாரம் வந்ததும் சிப்புக்குள் முதலில் ஓடும் மாறாத நிரல்) அதை மதித்து நடக்கும் வகையாக இருந்தால், பயனர் பகுதியில் எத்தனை முறை புதிய இமேஜ் எழுதினாலும் பூட்0-வில் கிடக்கும் பழைய பூட்லோடரே (இயங்குதளத்தை ஏற்றித் தரும் தொடக்க நிரல்) முதலில் எழும்.

இதில் நானே ஒரு பிற்பகல் முழுவதையும் இழந்திருக்கிறேன். புதிய இமேஜில் கெர்னல் (இயங்குதளத்தின் மைய நிரல்) இருக்கும் பார்ட்டிஷன், அதாவது நினைவகப் பிரிவு, மாறியிருந்தது; போர்டோ பழைய இடத்திலேயே தேடி, கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றது. யு-பூட் என்னும் பூட்லோடர் தன் பதிப்பு எண்ணையும், தான் கம்பைல் செய்யப்பட்ட தேதியையும் சீரியல் கன்சோலில் (போர்டின் செய்திகளைக் கம்பி வழியாக இன்னொரு கணினியில் காட்டும் திரை) முதல் வரியாகவே அச்சிடும். அன்று அந்த வரியில் இருந்த தேதி, நான் எழுதிய இமேஜைவிட இரண்டு ஆண்டுகள் பழையது. கண்முன்னே ஓடிய வரியைப் படிக்காமல், இமேஜைத்தான் மூன்று முறை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

பூட்0-வில் எழுதுவதற்கும் ஒரு தடை இருக்கிறது. லினக்ஸ் அந்தப் பகுதியை இயல்பாகவே படிக்க மட்டும் அனுமதிக்கிறது. கெர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் அதற்குரிய ‘ஃபோர்ஸ்-ஆர்ஓ’ மதிப்பை 0 ஆக்கிய பின்னரே எழுத முடியும். எழுதிய பிறகு அதை மீண்டும் 1 ஆக்கிவிடுவது நல்லது. பூட்லோடரைப் புதுப்பித்துவிட்டாலும், பழைய யு-பூட் சேமித்து வைத்த சூழல் மாறிகள் (பூட் அமைப்பு மதிப்புகள்) இஎம்எம்சியின் வேறொரு மூலையில் உயிரோடு இருக்கக்கூடும். புதிய யு-பூட்டும் அதே இடத்தில் மாறிகளைத் தேடுமானால், பழைய பூட் கட்டளையையே நம்பிச் செயல்படும். கன்சோலில் மாறிகளை இயல்புநிலைக்குக் கொண்டுவந்து சேமித்தால் இந்தக் குழப்பம் தீரும்.

பயனர் பகுதியிலிருந்தே பூட் ஆகும் போர்டுகளிலும் இடம் முக்கியம். ஆல்வின்னர் சிப்புகள் முதல்நிலை பூட்லோடரைத் தொடக்கத்திலிருந்து 8 கேபி தொலைவில் தேடுகின்றன. 64 பிட் ராக்சிப் சிப்புகளில் முதல்நிலை 64-ஆம் செக்டாரிலும் (ஒரு செக்டார் 512 பைட்), அதாவது 32 கேபியிலும், யு-பூட் வழக்கமாக 16384-ஆம் செக்டாரிலும், அதாவது 8 எம்பியிலும் வைக்கப்படுகின்றன. ஐ.எம்எக்ஸ் 8எம் பிளஸ் சிப்புக்குப் பயனர் பகுதியில் 32 கேபியில் எழுத வேண்டும். ஆனால் அதே பூட்லோடரைப் பூட்0-வில் வைப்பதானால் தொடக்கத்திலிருந்தே, 0-விலிருந்து எழுத வேண்டும். ஒரு போர்டுக்கான குறிப்பில் கண்ட எண்ணை இன்னொரு போர்டுக்குப் பொருத்தினால் கட்டளை பிழை காட்டாமல் ஓடும். போர்டு மட்டும் எழாது.

இதோடு தொடர்புடைய இன்னொரு தவறு, பார்ட்டிஷன் அட்டவணையைப் ‘புதிதாக, சுத்தமாக’ உருவாக்கிக்கொள்ளும் ஆசை. பார்ட்டிஷன்களை உருவாக்கும் எஃப்டிஸ்க் கருவி முதல் பார்ட்டிஷனை இயல்பாக 2048-ஆம் செக்டாரில், அதாவது 1 எம்பியில் தொடங்கும். ராக்சிப் போர்டில் அப்படி ஒரு பார்ட்டிஷனை உருவாக்கி ஃபார்மேட் செய்து கோப்புகளை நிரப்பினால், 8 எம்பியில் இருக்கும் யு-பூட்டின் மேல் அந்தக் கோப்புகள் போய் அமர்ந்துவிடும். ஆல்வின்னரில் சிக்கல் எதிர்த்திசையில் வருகிறது: வழக்கமான ஜிபிடி வகைப் பார்ட்டிஷன் அட்டவணை முதல் 34 செக்டார்களை, அதாவது 17 கேபியை எடுத்துக்கொள்வதால், 8 கேபியில் எழுதப்படும் பூட்லோடர் அந்த அட்டவணையையே அழிக்கிறது.

எந்தக் கருவியில் எழுதுகிறோம் என்பதில் நேரும் தவறுகள் எளிமையானவை, ஆனால் இழப்பு பெரிது. எஸ்டி கார்டும் இஎம்எம்சியும் இரண்டுமே ‘எம்எம்சிபிஎல்கே’ என்ற பெயரில்தான் தோன்றும். எது 0, எது 1 என்பது போர்டுக்குப் போர்டு மாறும், கெர்னல் பதிப்பு மாறும்போதும் மாறலாம். பெயருக்குப் பின்னால் பூட்0, பூட்1 என்ற துணைக் கருவிகள் எதற்கு இருக்கின்றனவோ அதுவே இஎம்எம்சி. எஸ்டி கார்டுக்கு அவை கிடையா. கொள்ளளவைப் பார்த்து அடையாளம் காண்பதைவிட இது நம்பகமானது, ஏனெனில் 32 ஜிபி கார்டும் 32 ஜிபி இஎம்எம்சியும் ஒரே போர்டில் இருப்பது சாதாரணம். முழு இமேஜை முழுக் கருவிக்கு எழுதாமல், ‘பி1’ என்று முடியும் முதல் பார்ட்டிஷனுக்கு எழுதிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. யுஎஸ்பி வழியாக இன்னொரு கணினியிலிருந்து எழுதும்போது அந்தக் கணினியின் சொந்த வட்டின் பெயரைத் தட்டிவிடுவது இவை எல்லாவற்றிலும் கொடியது. லினக்ஸில் இமேஜ் எழுதப் பயன்படும் ‘டிடி’ கட்டளை எதையும் கேட்காது, எழுதத் தொடங்கிவிடும்.

இமேஜ் கோப்பின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். எக்ஸ்இசட் அல்லது ஜிஇசட் என்று முடியும் சுருக்கிய கோப்பை அப்படியே டிடியில் கொடுத்தால், அது சுருக்கிய பைட்டுகளையே நினைவகத்தில் எழுதிவைக்கும். சில வரைகலை மென்பொருள்கள் தாமாகவே விரித்து எழுதுவதால் இந்த வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை. ஆண்ட்ராய்டுக்கான ஸ்பார்ஸ் இமேஜ் (வெற்றிடங்களை விட்டுவிட்டுச் சேமித்தது) இன்னும் ஏமாற்றும், ஏனெனில் அதன் பெயரும் சாதாரண இமேஜைப் போலவே முடியும். ‘ஃபைல்’ கட்டளையால் சோதித்தால் அது ஸ்பார்ஸ் வகை என்று தெரிந்துவிடும். அதை ஆண்ட்ராய்டின் ஃபாஸ்ட்பூட் கருவி வழியாக எழுத வேண்டும், அல்லது முதலில் விரித்துக்கொள்ள வேண்டும். பதிவிறக்கியதும் ஷா-256 மதிப்பை (கோப்பு சிதையவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அதேபோல் இமேஜ் போர்டின் சரியான வடிவமைப்புப் பதிப்புக்கு உரியதா என்பதையும் பார்க்க வேண்டும்: ரேம் சிப் மாறிய புதிய பதிப்பில் பழைய பூட்லோடர் ரேமைத் தொடங்கிவைக்கும் கட்டத்திலேயே நின்றுவிடக்கூடும்.

எழுதி முடிந்தது என்ற செய்தியை உடனே நம்புவதும் ஒரு தவறு. லினக்ஸ் தரவை முதலில் ரேமில் உள்ள இடைநினைவகத்தில் ஏற்றுக்கொள்வதால், டிடி முடிந்துவிட்டதாகச் சொல்லும் நேரத்தில் கடைசி சில நூறு எம்பி இன்னும் இஎம்எம்சியைச் சென்றடையாமல் இருக்கலாம். வேகத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். இஎம்எம்சி 5.1-இன் இணைப்பு வேகத்துக்கே உச்சவரம்பு வினாடிக்கு 400 எம்பி, யுஎஸ்பி 2.0 வழியாகச் சென்றால் 60 எம்பியைத் தாண்ட வழியே இல்லை. திரையில் அதற்கு மேல் ஓர் எண் தோன்றினால், அது ரேமின் வேகம். டிடியின் ‘கான்வ்’ என்ற தேர்வுக்கு ‘எஃப்சிங்க்’ மதிப்பைக் கொடுத்து எழுதுவதும், முடிந்தபின் ‘சிங்க்’ கட்டளையைக் கொடுத்துக் காத்திருப்பதும், மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் இணைத்தபின் இமேஜின் நீளத்துக்கு மட்டும் திரும்பப் படித்து ஒப்பிடுவதும் பாதுகாப்பானவை. மின்சாரத்தை நிறுத்தி இணைப்பதை விட்டுவிட்டால், ஒப்பீடும் ரேமிலிருந்தே நடந்து, எல்லாம் சரி என்று சொல்லிவிடக்கூடும்.

எஸ்டி கார்டிலிருந்து இயங்கிக்கொண்டே அதை அப்படியே இஎம்எம்சிக்கு நகலெடுப்பவர்களுக்கு வேறு இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன. முதலாவது, மவுண்ட் ஆகி (பயன்பாட்டுக்கு இணைக்கப்பட்டு) மாறிக்கொண்டே இருக்கும் கோப்பமைப்பின் நகல் முரண்பட்ட நிலையில்தான் கிடைக்கும். இரண்டாவது, நகலின் யுயுஐடியும் (கோப்பமைப்பின் தனி அடையாள எண்) மூலத்தின் யுயுஐடியும் ஒன்றாகவே இருக்கும். பூட்லோடரும் கெர்னலும் இஎம்எம்சியிலிருந்து ஏறிய பிறகு, ரூட் கோப்பமைப்பை (இயங்குதளத்தின் முதன்மைக் கோப்பமைப்பு) யுயுஐடியால் தேடும்போது கார்டில் உள்ளது முதலில் அகப்பட்டால் அதுவே மவுண்ட் ஆகிவிடும். எல்லாம் ஒழுங்காக நடப்பதாகத் தோன்றும்; சில வாரங்கள் கழித்துக் கார்டை உருவும் நாளில், இடையில் செய்த மாற்றங்கள் ஒன்றுகூட இல்லாத பழைய அமைப்பு எழுந்து நிற்கும். நகலெடுத்தவுடன் யுயுஐடியை மாற்றி, எவை மவுண்ட் ஆக வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பையும் கெர்னல் கட்டளை வரியையும் அதற்கேற்பத் திருத்தி, கார்டை அகற்றிவிட்டு ஒருமுறை பூட் செய்து பார்க்க வேண்டும்.

கொள்ளளவு குறித்துச் சுருக்கமாக: பெயரளவில் ஒரே அளவுள்ள இரண்டு சிப்புகளின் உண்மையான செக்டார் எண்ணிக்கை வேறுபடுவதால், முழு வட்டின் நகல் சில எம்பி குறைவால் அடங்காமல் போவதுண்டு. சிறிய இமேஜைப் பெரிய இஎம்எம்சியில் எழுதினால், வட்டின் இறுதியில் இருக்க வேண்டிய ஜிபிடியின் மாற்றுப்பிரதி நடுவில் நின்றுவிடும். ‘எஸ்ஜிடிஸ்க்’ கட்டளையால் அதை இறுதிக்கு நகர்த்திய பின்பே பார்ட்டிஷனை விரிவாக்க வேண்டும்.

மின்சாரமும் ஜம்பர்களும் சிறிய விஷயங்களாகத் தோன்றுவதாலேயே கவனத்திலிருந்து நழுவுகின்றன. யுஎஸ்பி 2.0 இணைப்புத்துளை தரத்தின்படி 500 மில்லிஆம்பியர்தான் தரும். மெல்லிய, நீண்ட கேபிளில் மின்னழுத்தமும் இறங்கும்போது போர்டு எழுதும் நடுவிலேயே தானாக மறுதொடக்கம் ஆகிவிடும். ராஸ்பெரி பை கம்ப்யூட் மாட்யூலில் இஎம்எம்சியிலிருந்து பூட் ஆவதைத் தடுக்கும் ஜம்பரைப் (இரு முனைகளை இணைக்கும் சிறு செருகி) பொருத்தினால்தான் யுஎஸ்பி வழியாக எழுத முடியும். எழுதியபின் அதைக் கழற்ற மறந்தால் போர்டு யுஎஸ்பி கட்டளைக்காகவே காத்திருக்கும். பீகிள்போன் பிளாக்கில் எஸ்2 பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால் எஸ்டி கார்டிலிருந்து பூட் ஆகும். அந்தத் தேர்வு மின்சாரம் வரும் கணத்தில் மட்டுமே படிக்கப்படுகிறது; ஆகவே எஸ்2-வைப் பிடித்துக்கொண்டு ரீசெட் பொத்தானை மட்டும் அழுத்துவதில் பயனில்லை.

சீரியல் கன்சோல் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கிரவுண்டோடு கிரவுண்டையும், டிஎக்ஸை (அனுப்பும் முனை) எதிர்முனையின் ஆர்எக்ஸுடனும் (பெறும் முனை) இணைக்க வேண்டும். யுஎஸ்பி-சீரியல் மாற்றியின் மின்னழுத்தம் போர்டுக்கு உரியதாக, பெரும்பாலும் 3.3 வோல்ட்டாக, இருக்க வேண்டும். வேகம் பெரும்பாலும் வினாடிக்கு 115200 பிட். பல ராக்சிப் போர்டுகளில் 1500000. திரையில் புரியாத குறிகள் ஓடினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

இமேஜ் பாழானதால் மட்டும் போர்டு செத்துப்போவதில்லை, ஏனெனில் முதல் நிரல் இஎம்எம்சியில் அன்றி, அழிக்க முடியாத ரோமாகச் சிப்புக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. ராக்சிப்பின் மாஸ்க்ரோம், ஆல்வின்னரின் ஃபெல் போன்ற மீட்பு நிலைகள் அதைக் கொண்டே இயங்குகின்றன. உண்மையில் திரும்ப முடியாதவை வேறு. இஎக்ஸ்டி-சிஎஸ்டியில் பயனர் பகுதியைப் பிரிக்கும் அமைப்பையும் நிரந்தர எழுத்துத்தடையையும் ஒரே முறைதான் நிர்ணயிக்க முடியும். செக்யூர் பூட் (நம்பகமான நிரலை மட்டும் பூட் செய்யும் முறை) வசதிக்காக எரிக்கப்படும் இ-ஃப்யூஸும் (ஒரே முறை எழுதக்கூடிய சிப்பின் உள்அமைப்பு) அப்படியே. சில போர்டுகள் தமக்கு மட்டுமே உரிய மேக் முகவரியையும் அளவீட்டுத் தரவையும் இஎம்எம்சியின் ஒரு பார்ட்டிஷனில் வைத்திருக்கின்றன. எந்த அதிகாரபூர்வ இமேஜிலும் அவை கிடைக்கா. அதனால் முதன்முறை எழுதுவதற்கு முன்பே, பயனர் பகுதி, பூட்0, பூட்1 ஆகியவற்றைத் தனித்தனிக் கோப்புகளாகப் படித்து, அந்தப் போர்டின் சீரியல் எண்ணைப் பெயராக இட்டு வேறு கணினியில் வைத்துக்கொள்ள வேண்டும்.