அலுவலகத்துக்கு இணைய போன் எடுக்கும் முன்

விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் பிராட்பேண்டின் அப்லோடு வேகத்தைச் சோதித்துவிடுங்கள், அதுவும் எல்லோரும் வேலையில் மூழ்கியிருக்கும் காலை 11 மணி வாக்கில். குரலை டிஜிட்டல் தரவாக மாற்றும் முறைகளில் ஒன்றான ஜி.711 கோடெக்கில் ஒரு அழைப்புக்குப் போக 90 கேபிபிஎஸ், வர அதே அளவு போதும், ஆக பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு எம்பிபிஎஸ்ஸுக்குள் அடங்கிவிடும். தொல்லை பெரும்பாலும் தாமதத்தில்தான். ஒருவழித் தாமதம், அதாவது ஒருவர் குரல் எதிர்முனைக்குப் போய்ச்சேர ஆகும் நேரம், 150 மில்லிசெகண்டைத் தாண்டினால் வாடிக்கையாளரும் நீங்களும் மாறி மாறிக் குறுக்கே பேச ஆரம்பித்துவிடுவீர்கள். பக்கத்து மேசையில் யாராவது பெரிய ஃபைலை ஏற்றினால் குரல் வெட்டி வெட்டிக் கேட்கும், அதனால் ரவுட்டரில் எந்தத் தரவு முதலில் போக வேண்டும் என்று வரிசைப்படுத்தும் கியூஓஎஸ் வசதி இருக்கிறதா பார்த்து குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள். அப்புறம், கரண்ட் போனால் போனும் போச்சு! ரவுட்டருக்கு யூபிஎஸ் கட்டாயம். பழைய எண்ணை அப்படியே மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.